முதல் வாசகர்

அந்த வரியை எழுதியது அவன்தான்.

சர்வரின் அமைப்புக் கோப்பில் நாற்பத்தோராவது வரி. மூன்று முறை படித்தான். மூன்று முறையும் அதேதான் இருந்தது.

மாவட்ட நூலகத்தின் இணையதளம் காலையிலிருந்து மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. கறுப்புப் பின்னணி. மஞ்சள் எழுத்து. ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. புத்தகம் தேட முடியாமல் ஆளாளுக்குப் போன் செய்தார்கள்.

ஜெபஷீலா எழுதிய நிரலில்தான் கோளாறு என்று காலையிலேயே மேலாளரிடம் சொல்லிவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. அவள் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வாசகர் கேட்ட அளவில், கேட்ட நிறத்தில் எழுத்தைக் காட்டும் ஸ்டைல் ஷீட்டை ஆளுக்கொன்றாக உருவாக்கித் தருவது அவளுடைய நிரல். வேறு யார் தப்பு செய்திருக்க முடியும்?

அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று இந்த வாரம் முடிவாக வேண்டும். இப்போது மேலாளர் அறையில் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது.

போன வாரம் தளம் மெதுவாக இருக்கிறது என்றார்கள். அவன் ஒரே வரியில் வேகமாக்கினான். ஆளுக்கொன்றாக உருவாக்க வேண்டாம். காலையில் முதலில் வருபவருக்கு உருவானதையே அன்று முழுக்க எல்லோருக்கும் கொடு. தன் கணினியில் மட்டும் பார்த்தான். பறந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவனும் கூச்சப்படுவதுபோல் நின்றான்.

இன்று முதலில் வந்தவர் யாரோ பார்வை மங்கியவர். அவர் கேட்ட எழுத்து மாவட்டத்துக்கே போய்விட்டது. அவருக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும்.

வரியை அழித்தான். எல்லோருக்கும் கொடுக்கச் சேமிப்பில் வைத்திருந்த காலை நகலையும் அழித்தான்.

எழுத்துகள் சுருங்கித் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே வெட்கமாகவும் இருந்தது.

கதவு திறந்தது. ஜெபஷீலா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. அவனுடைய திரையைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சரி பண்ணிட்டீங்களா அண்ணே. என் தப்புதான்னு சார்கிட்ட ஒத்துக்கிட்டேன். எங்கன்னுதான் தெரியல. நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்."

பையைத் திறந்து மேசை மேல் இருந்ததையெல்லாம் உள்ளே வைக்க ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டில். சார்ஜர். ஒரு சின்ன முகக் கண்ணாடி.



விசைப்பலகையை இழுத்தான். அழித்த வரியை அதே இடத்தில் திரும்ப எழுதினான். தானே முதல் வாசகராகத் தளத்துக்குள் போய், கறுப்பும் மஞ்சளும் பெரிய எழுத்தும் கேட்டான்.

பெரிய எழுத்துகள் அவள் திரையையும் நிறைத்தன. பைக்குள் போன அவள் கை அப்படியே நின்றது.

அவன் எழுந்துபோய் மேலாளரின் கதவைத் தட்டினான்.