நடுக்கோடு வரை

மைதானத்தின் உயர்ந்த விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. மேற்கே வானம் இன்னும் சிவந்து கிடக்கிறது. பள்ளியின் கால்பந்து அணியில் கடைசி ஆண்டு ஆடும் பெண்கள், பிரியாவிடை மரியாதையாக இன்று ஆட்டத்துக்கு முன் அப்பா அம்மாவோடு நடுக்கோடு வரை நடக்க வேண்டும். கோல் காக்கும் ப்ரென்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையுறையின் பட்டையைப் பிரிக்கிறாள், ஒட்டுகிறாள், மறுபடி பிரிக்கிறாள். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா வெய்ன்; விவாகரத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. எதிரே பாப்கார்ன் விற்கும் மேசையையே இருவரும் வெறித்துப் பார்க்கிறார்கள். முரசு அதிர்கிறது, ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்கிறது. அம்மா விறுவிறுவென்று நடக்க, அப்பா பின்தங்க, நடுவில் ப்ரென்னாவின் கைகள் இரண்டு பக்கமும் இழுபடுகின்றன. “உங்கப்பாவைச் சீக்கிரம் வரச் சொல்லு, ஊரே பாக்குது” என்கிறாள் அம்மா. “முட்டி வலிக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்கிறார் அப்பா. “நீங்களே சொல்லிக்குங்க, நான் என்ன தபால்காரியா?” படமெடுப்பவரைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடிக்கிறாள் ப்ரென்னா. சில அடிகள் கழித்து அம்மாவின் வேகம் குறைகிறது. தலை திருப்பாமல், புல்லைப் பார்த்துக் கேட்கிறாள்: “எந்த முட்டி, வெய்ன்?” ப்ரென்னா மூச்சுவிடக்கூடப் பயந்து நடக்கிறாள்.