அண்ணன் சொன்ன பதில்

“சத்தத்தக் கூட்டி வையி புள்ள, எங்கண்ணன் வந்துட்டாரு பாரு.”

காவல் நிலையத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில், விஜயகுமாரி சுகன்யாவின் செல்போன் மேல் கவிழ்ந்தாள்.

திரையில் ஜெனிவா, ஐ.நா. மனித உரிமைச் சபை. கோட்டு போட்டு, காதில் கருவி மாட்டி, சிவப்பிரகாசம் உட்கார்ந்திருந்தார். இதே உறுவையாறு ஊர்க்காரர். முப்பது வருஷமாக நாட்டின் தூதராக ஆறு, காற்று, மனித உரிமை என்று உலகத்தோடு பேசிவருகிறவர்.

அவர் தங்கை மகன் நவீன்குமார் எதிரே லாக்கப்பில் கிடந்தான்.

ரசாயனத் தொழிற்சாலையின் கழிவு லாரியை வாய்க்கால் மதகில் மறித்தவர்களில் அவனை மட்டும் தூக்கி வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு சுகன்யாவும் மறியலில் இருந்தவள்தான். கால் சென்டருக்கு நேரமாகிவிட்டது என்று முன்னாடியே கிளம்பியதால் தப்பினாள்.

மறியலில் பிடித்த பேனரில் இருந்தது மாமனின் வாசகம். நல்ல தண்ணீர் மனித உரிமை. அவருடைய பழைய பேச்சு ஒன்றிலிருந்து நவீன் எடுத்துப் போட்டது.

காலையில் கம்பிக்கு வெளியே நின்று அம்மா இட்லியைப் பிட்டு நீட்டியபோது, அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

நேற்று அண்ணனிடம் போனில் அழுதாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எந்த ஸ்டேஷன், இன்ஸ்பெக்டர் பெயர் என்ன என்றுகூடக் கேட்டார். நாளைக்கு சபையில் தன் முறை வருகிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சபையில் ஏதோ ஒரு நாட்டுப் பெண் எழுந்து கேட்டாள். தண்ணீருக்காகப் போராடுகிறவர்களை உங்கள் நாட்டில் பிடித்து அடைத்து வைத்திருப்பது உண்மையா?

சிவப்பிரகாசம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். இங்கிலீஷில், நிதானமாகப் படித்தார். காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“இன்னா சொல்றாரு? நம்ம நவீனப் பத்தியா?”

நாளெல்லாம் முகம் தெரியாத வெள்ளைக்காரர்களுக்குச் சமாதானம் சொல்லிச் சம்பாதிக்கிறவள் சுகன்யா. இப்போது ஒரு பொய்யைத் தேடினாள். கிடைக்கவில்லை.

“அப்பிடி யாரையும் புடிச்சி வைக்கல, ஒருத்தர்கூட உள்ள இல்லன்னு சொல்றாரு அத்த.”

விஜயகுமாரி திரையில் இருந்த அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த நொடி எழுந்து ஓடினாள். காலில் செருப்பு இல்லை. சுகன்யா கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. குறுக்கே வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது.

வாசலில் காவலுக்கு நின்றவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. சிரித்தாள்.

“வுட்டுட்டீங்களாமே சார், எங்கண்ணன் இப்பத்தான் சொன்னாரு. புள்ள எந்தப் பக்கமா போனான்?”