நடுவில் உட்கார்ந்த சைபர்

"என் பொண்ணை எதுக்கு டீச்சர் தினமும் சைபரா உட்கார வைக்கிறீங்க?"

வகுப்பு வாசலில் நின்று கேட்டாள் அம்மா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருந்தாள். துவைத்த வெள்ளைப் போர்வைகள் இன்னும் கண்ணுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன.

கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அது விளையாட்டுங்க. தசம எண் பாடம்..."

"தெருவே சிரிக்குது. 'முட்டை வருது, வழி விடு'ன்னு கத்துறாங்க. எனக்கு இருக்கறதே ஒரு பொண்ணு. அவளையும் ஒண்ணுமில்லாதவளா ஆக்கிடுவீங்களா?"

"உள்ள வந்து அஞ்சு நிமிஷம் உட்காருங்க. பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க."

கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள் அம்மா.

கரும்பலகைக்கு முன்னால் வரிசையாக மூன்று நாற்காலிகள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே தரையில் ஒரு கறுப்புப் பந்து. அதுதான் புள்ளி.

'ஒட்டடைக்குச்சி' என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைப் பெண், 3 என்ற அட்டையோடு முதல் நாற்காலியில். கடைசி நாற்காலியில் 5 அட்டையோடு ஒரு குண்டுப் பையன். நடுவில் சைபர் அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் மகள்.

"என்ன எண்?" என்றாள் டீச்சர்.

"மூணு புள்ளி சைபர் அஞ்சு!" என்றது வகுப்பு.

"சரி. சைபர், எழுந்து போ."

மகள் எழுந்ததுதான் தாமதம், குண்டுப் பையன் பாய்ந்து அவள் நாற்காலியைப் பிடித்தான்.

"மூணு புள்ளி அஞ்சு! டீச்சர், இவன் பத்து மடங்கு ஆயிட்டான்!"

"அவன் எப்பவும் அப்படித்தானே இருக்கான்!" என்றாள் ஒட்டடைக்குச்சி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. குண்டுப் பையனும் சிரித்தான்.

"ஏன் அப்படி ஆச்சு?"

"இடம் காலியா இருந்தா பக்கத்துல இருக்கறவங்க நகர்ந்து உட்கார்ந்துக்குவாங்க டீச்சர்."

"நகர விடாம பார்த்துக்கறது யாரு?"

"சைபர்!"

"இப்ப சைபர் கடைசியில போய் உட்காரட்டும். மூணு புள்ளி அஞ்சு சைபர். எழுந்து போ பார்க்கலாம்."

மகள் எழுந்தாள். யாரும் நகரவில்லை. ஒன்றும் மாறவில்லை.

சன்னல் வெயில் நாற்காலிகள்மேல் சரிந்திருந்தது. தூக்கம் கண்ணை அழுத்த, அம்மாவுக்கு எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. பிள்ளைகள் எழுந்தார்கள், மாறினார்கள், உட்கார்ந்தார்கள். யார் எங்கே போனாலும், மகள் மட்டும் மிதந்து மிதந்து நடு நாற்காலிக்கே திரும்பி வந்தாள்.

மணி அடித்தது. டீச்சரோடு வராந்தாவுக்கு வந்தாள் அம்மா.

"பாடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு நாளாவது அவளை ஒன்பதா உட்கார வைக்கக் கூடாதா?"

"நானா வைக்கிறேன்? ஒன்பதுதான் கொடுக்கறேன். அதை மத்த புள்ளைங்ககிட்ட கொடுத்து, கெஞ்சி சைபரை வாங்கிக்கறா. ஏன்டீன்னா 'சும்மா'ங்கறா." டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். "வீட்டுல நீங்க எத்தனை பேருங்க?"

"மூணு பேர்."

"நாலுன்னு எழுதிக் கொடுத்திருக்கா."

அம்மா படியிறங்கினாள்.

மூத்தவள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய் ஆறு மாதம். அவள் பேரை எடுக்கக் கூடாது என்பது அன்று அம்மா போட்ட சட்டம். அப்பா ஒருமுறை எடுத்தார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அப்புறம் அவரும் எடுக்கவில்லை.

பகலெல்லாம் தூங்கி எழுந்தபோது, விடிகிறதா இருட்டுகிறதா என்று தெரியாத ஒரு வெளிச்சம் வீட்டுக்குள் நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அக்கா..."

சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்த மகள் விருட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். மேல் வீட்டுப் பெண்தான். மகள் மறுபடி நோட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

"ஒரு நாற்காலி சும்மா கிடக்கு, எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்களே அக்கா?"

"ஆமாம்மா. அந்தச் சன்னலோர நாற்காலி."

மூத்தவளுடைய நாற்காலி. அதில்தான் மகள் உட்கார்ந்திருந்தாள், தரைக்கு எட்டாத கால்களைத் தொங்கவிட்டபடி. ஆறு மாதமாகச் சாப்பாடு அதில், வீட்டுப்பாடம் அதில், சில நாள் தூக்கம்கூட அதில். அவளுடைய சொந்த நாற்காலி எதிரே காலியாகக் கிடக்கும். 'உன் இடத்துல உட்காரு' என்று அம்மா திட்டாத நாள் இல்லை. பிடிவாதம், அக்காவைப் போலவே பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"பாப்பா, கொஞ்சம் எழுந்துக்கறியா?" என்றாள் மேல் வீட்டுப் பெண்.

மகள் எழவில்லை. நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலையில் அட்டையை அணைத்த அதே மாதிரி.

"எழுந்திரேன்டி" என்று சொல்ல வாயெடுத்த அம்மா அப்படியே நின்றாள்.

"நான் எழுந்துட்டா, நீங்கள்லாம் நகர்ந்து உட்கார்ந்துக்குவீங்கம்மா" என்றாள் மகள், நிமிராமலே.

அப்பா செய்தித்தாளை இறக்கினார்.

அம்மா மெல்ல வந்து அந்த நாற்காலியின் முதுகில் கை வைத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. இதைத் தர முடியாது," என்றாள் மேல் வீட்டுப் பெண்ணிடம். "இதுக்கு ஆள் இருக்கு. நாங்கதான் இன்னும் கூப்பிடலை."