முழுச் சுதந்திரம்

"சுவர் பிளந்து கிடக்குது சார். பிள்ளைங்க தலையில விழட்டும்னு விடச் சொல்றீங்களா?" தலைமையாசிரியையின் குரல் உச்சத்துக்குப் போனது.

"முடிவெடுக்கிற சுதந்திரம்தான் உங்களுக்குக் கொடுத்தாச்சே," என்றார் கல்வி அதிகாரி.

"அதான் வகுப்பைப் பூட்டினேன். அதுக்கு எதுக்கு மெமோ?"

"பாடம் நின்னா பதில் சொல்லணும்ல? பூட்டாம சுவர் விழுந்திருந்தாலும் மெமோதான்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"என்னைக் கேட்டா? எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. காலையில திறந்துடுங்க."

ஆபீசாக இருந்தால் அவள் எழுந்தாவது வந்திருக்கலாம்.

"திறந்து தொலைக்கிறேன்," என்றாள். "சாப்பாடு ஆறுது. கையைக் கழுவிட்டு வாங்க. உங்க பொண்ணையும் எழுப்புங்க."

அடுத்த மாதமே அவருக்குப் பதவி உயர்வு, வேறு ஊர். கட்டின புருஷனாயிற்றே, அவளும் மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். சுவரும் பிள்ளைகளும் இங்கேதான்.