எச்.எம். அம்மாவின் சைக்கிள்

"வீட்ல கார் நிக்குது. இந்த வயசுல ஸ்கூலுக்குப் போக சைக்கிளாம்!"

மேற்குத் தாம்பரம் சைக்கிள் கடை வாசலிலேயே சாலமோன் ஆரம்பித்துவிட்டார்.

அவர் மனைவி ஞானஜோதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. செம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை அவர். எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தெரியும்.

"மேடம், இது கியர் வச்சது. மேடு ஏறினாலும் மூச்சு வாங்காது," என்றார் கடைக்காரர்.

"வேண்டாம்."

"அப்போ பேட்டரி சைக்கிள் பாருங்க. மிதிக்கவே வேணாம்."

"மிதிக்காம அது எதுக்கு? அதோ, அந்தச் சாதா லேடீஸ் சைக்கிளை எடுங்க."

முன்னால் கூடை, பின்னால் கேரியர், ஒரு பெல். அவ்வளவுதான்.

"வாங்குறதுதான் வாங்குற, நல்லதா வாங்கேன் ஜோதி! பார்க்கிறவங்க என்னைக் கஞ்சப்பயன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டுமே. எனக்கு இதுதாங்க சரி."

நாலு பேர் 'ஆஹா, எவ்வளவு எளிமை!' என்று சொல்லவேண்டும், அதற்குத்தான் இந்த ஆட்டம் என்று சாலமோன் முடிவே கட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஞானஜோதி கிளம்பினார். மனசு கேட்காமல் சாலமோன் காரில் பின்னாலேயே போனார். சைக்கிள் வேகத்துக்கு ஊர்ந்த காரைப் பார்த்து வேளச்சேரி ரோடே ஹாரன் அடித்தது.

"யோவ் பெரிசு, காரைத் தள்ளிகினா போற?" என்று கத்தினார் ஒரு ஆட்டோக்காரர்.

பள்ளி வாசலில் இறங்கிப் பார்த்தார் சாலமோன். பளபளவென்று ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. கடைசியில், தனியாக ஒரு பழைய சைக்கிள். அதை ஒட்டி ஞானஜோதி தன் சைக்கிளை நிறுத்த, இளம் டீச்சர் ஒருத்தி சிரித்தபடி அவருக்குப் பூட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று வாட்ச்மேன் சவுரிமுத்துவிடம் கேட்டார்.

"புது டீச்சர், சார். சுஜின்னு பேரு. பெரும்பாக்கத்துலேர்ந்து சைக்கிள்லதான் வரும். வண்டில வர்ற டீச்சருங்க, 'பேப்பர் போட வந்தியா'ன்னு ஒரே கிண்டல். போன வாரம் வேலையே வேணாம்னு அழுதுடுச்சு சார்."

"இப்போ?"

"இப்போவா? எச்.எம். அம்மா சைக்கிள்ல வந்து எறங்கினாங்க பாருங்க... கிண்டல் பண்ண டீச்சருங்களே, 'எங்களுக்கும் சைக்கிள்னா உசுரு மேடம்'னு சொல்லிகினு போறாங்க!"