பச்சை நின்ற இடம்

யூரியா வீசிக்கொண்டிருக்கும்போதே வயலின் நடுவில் விழுந்து செத்துப்போனான் சடையாண்டி. கருமாதி முடிந்து அவன் மனைவி உருமாயி வரப்பில் வந்து நின்றபோது, அவன் கை வீசிய இடமெல்லாம் பயிர் கருகருவென்று பச்சையாய் நின்றது. அவன் விழுந்த இடத்துக்கு அப்பால் ஒரே வெளுப்பு.

"மிச்ச உரத்த நான் வீசிவிடுறேன் மதினி. புள்ளைகளுக்கு இந்த நெல்லுதான சோறு?" என்றான் கொழுந்தன் மாயழகு.

"வேணாம். அவரு நின்ன எடம் தெரியாமப் போயிரும்."

அடுத்த வாரம் பச்சை அவன் விழுந்த இடத்தைத் தாண்டி ஒரு கை வீச்சு தூரம் நீண்டு நின்றது. தான் வயலில் கால்கூட வைக்கவில்லை என்று மாயழகு சத்தியம் செய்தான். உருமாயி வீட்டுக்கு ஓடினாள். மூலையில் அவள் இறுக்கிக் கட்டிவைத்திருந்த உர மூட்டை வாய் அவிழ்ந்து, கொஞ்சம் குறைந்திருந்தது.

அதை அவள் மறுபடி கட்டவில்லை. கதவையும் தாழிடவில்லை.