நாலு விவரம்

"எழுதின ஃபைலை பென்டிரைவ்ல காப்பி பண்ணக்கூடத் தெரியாதா? உங்களை மாதிரி ஆளுங்கல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் வர்றீங்க?"

மூன்று வாரத்துக்கு முன் 'கைகொடுப்போம்' குழுவில் வாத்தியார் போட்ட போடு இது. வாங்கிக் கட்டிக்கொண்டது, 'கத்துக்குட்டி' என்ற பெயரில் வந்த ஒரு புது ஆள். வேறு யாரோ இரக்கப்பட்டுச் சொல்லிக்கொடுக்க, நன்றி சொல்லிவிட்டுப் போன கத்துக்குட்டி அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இணையக் குழு அது. வாத்தியார் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. பத்து வருடமாக எல்லோருக்கும் பாடம் எடுத்ததில் ஒட்டிக்கொண்ட பட்டம். விஷயம் தெரிந்தவர்தான், வாய்தான் காரம். நாலு விவரம் சொன்னால்தான் பதிலே சொல்வார். என்ன மிஷின், எத்தனை வயசு, திரையில் என்ன வருகிறது, கடைசியாகக் கை வைத்தது யார்.

அந்த வாத்தியார்தான் இன்று மதியம் இரண்டு மணிக்குத் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வரி. 'துவக்க எதுவும் கிடைக்கவில்லை.'

மனைவி மொழிபெயர்ப்பாளர். ஒன்றரை வருடம் பாடுபட்டு மொழிபெயர்த்த புத்தகம் அதற்குள் இருக்கிறது. ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டு, பல்வலி தாங்காமல் டாக்டரிடம் போயிருக்கிறாள். "சாயங்காலம் வந்து ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பிடறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இவர் தொட்டார். அப்டேட் போடுகிறேன் பேர்வழி என்று ஆஃப் செய்து ஆன் செய்தார். அவ்வளவுதான்.

காப்பி? "அதெல்லாம் எதுக்கு? நான் இருக்கேன்ல! பென்டிரைவ் கிண்டிரைவ்னு எதையாவது சொருகி வைரஸை உள்ளே விட்டுடாதே" என்று வீட்டில் சட்டம் போட்டவரே இவர்தான்.

ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். டிஸ்க் போய்விட்டது என்ற முடிவுக்கே வந்துவிட்டார்.

குழுவில் கேட்கலாம். ஆனால் வாத்தியாரே போய்க் கேட்பதா? மானம் கப்பலேறிவிடுமே! மொபைலில் 'வழிப்போக்கன்' என்று புதிதாக ஒரு பெயரைப் பதிந்துகொண்டு எழுதினார்.

"அவசரம். மேஜைக் கம்ப்யூட்டர். ஆறு வருஷம் ஆச்சு. 'துவக்க எதுவும் கிடைக்கவில்லை'ன்னு வருது. கடைசியா கை வச்சது நான்."

மளமளவென்று பதில்கள்.

"ஃபார்மட் பண்ணிடுங்க, அரை மணி நேர வேலை."

"டிஸ்க் அவுட். புதுசு மாத்திடுங்க."

"நல்லவேளை, வாத்தியார் லைன்ல இல்ல. பிழைச்சீங்க!"

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க." கத்துக்குட்டி!

போயும் போயும் இதுவா நமக்கு வந்து சேர வேண்டும் என்று இருந்தது. இருந்தாலும் "சரிங்க, சொல்லுங்க" என்று பணிவாக எழுதினார்.

"முக்கியமான ஃபைல் இருக்கா?"

"என் மனைவியோட ஒன்றரை வருஷ உழைப்பு."

"காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

இதே கேள்வியைக் கேட்டு எத்தனை பேரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்!

"இல்லீங்க. அவ எடுக்கறேன்னுதான் சொன்னா. நான்தான் தடுத்துட்டேன்."

மணி மூன்றரை ஆகிவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டது.

"லைன்ல இருக்கீங்களா? அவ திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன். ஒண்ணுமே சொல்லாம உக்காந்துடுவா. அதைப் பார்க்கற தைரியம் எனக்கு இல்லீங்க."

முன்பின் தெரியாத ஆளிடம் இதையெல்லாம் ஏன் கொட்டினோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"சொருகியிருக்கற எல்லாத்தையும் முதல்ல கழட்டினீங்களா?"

சுருக்கென்றது. குழுவின் முதல் விதியே அதுதான், எழுதியவரும் இவர்தான். பென்டிரைவ் சொருகியிருந்தால் சில மிஷின்கள் உள்ளேயிருக்கும் டிஸ்கை விட்டுவிட்டு அதிலிருந்து கிளம்பப் பார்த்து முழிக்கும்.

"எங்க வீட்ல பென்டிரைவை யாரும் தொடவே மாட்டாங்க. கண்டிஷனா சொல்லி வச்சிருக்கேன்."

"பரவாயில்ல. பின்பக்கம், சுவர் ஓரமா கையை விட்டுப் பாருங்க. கீழ் வரிசை. நகம் அளவுக்குக் கறுப்பா ஒண்ணு இருக்கும். அதை எடுத்துட்டு ஆன் பண்ணுங்க."

முனகிக்கொண்டே கையை விட்டார். இருந்தது.

ஆன் செய்தார். திரை வெளிச்சமானது. புத்தகம் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை அப்படியே இருந்தது. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீட்டுச் சுவர் ஓரத்தில் இருப்பது இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

"வந்துருச்சுங்க! கோடி நன்றி. ஆமா, நீங்க யாரு?"

இந்தமுறை பதில் அவருக்கு மட்டும் தனியாக வந்தது.

"நாலு விவரத்தையும் கேக்காமலே வரிசை மாறாம சொல்ற ஆள் இந்தக் குழுவுலயே ஒருத்தர்தான். காலையில காப்பி எடுத்துட்டு, கழட்ட மறந்தது நான்தாங்க. டாக்டர் கூப்பிடறார், முடிச்சுட்டு நாலரைக்குள்ள வந்துடறேன். ஒண்ணே ஒண்ணு. இனிமே என்னைத் திட்டணும்னா வீட்லயே திட்டிடுங்க. குழுவுல நிறைய பேர் படிக்கிறாங்க."